எச்.டி.ஆர். படங்கள்: எடுப்பது எப்படி, எங்கே நிறுத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் உள்ள செட்டிநாட்டு வீடுகளின் உட்புறத்தைப் படம் எடுப்பது என் வேலை. கூடவே வந்து கற்றுக்கொள்கிறவர்களும் படங்களைப் பார்க்கிறவர்களும் எச்.டி.ஆர். பற்றித் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். அடிப்படையான கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால்.

எச்.டி.ஆர்.னா என்ன? சாதாரணப் படத்துக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு காட்சியில் மிக வெளிச்சமான இடத்துக்கும் மிக இருட்டான இடத்துக்கும் உள்ள இடைவெளியை ஸ்டாப் கணக்கில் சொல்வோம். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு. 10 ஸ்டாப் என்றால் 1024 மடங்கு. நடுப்பகலில் முற்றத்துச் சுண்ணாம்புச் சுவரில் வெயில் அடிக்கிறது, அதே சட்டகத்தில் கதவுக்குப் பின்னால் ஓர் அறை இருட்டாக இருக்கிறது என்று வையுங்கள். இடைவெளி 15 ஸ்டாப்பைச் சுலபமாகத் தாண்டிவிடும். நல்ல ஃபுல் ஃபிரேம் கேமரா குறைந்த ஐ.எஸ்.ஓ.வில் (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவில்) ஏறக்குறைய 14 ஸ்டாப் பதிவு செய்யும். ஆனால் அதில் அடிமட்டத்தில் உள்ள சில ஸ்டாப்கள் புள்ளி புள்ளியாக இரைச்சலோடுதான் வரும்.

அதனால் முற்றத்துக்கு அளவு வைத்தால் அறை கறுத்துப்போகிறது, அறைக்கு வைத்தால் முற்றம் வெளுத்துப்போகிறது. வெவ்வேறு எக்ஸ்போஷரில் (கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தின் அளவில்) சில படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் நன்றாகப் பதிவான பகுதியை எடுத்துச் சேர்ப்பதுதான் எச்.டி.ஆர்., அதாவது ஹை டைனமிக் ரேஞ்ச். சேர்த்த பிறகு கிடைக்கும் கோப்பில் இருக்கும் அத்தனை வெளிச்ச வேறுபாட்டையும் சாதாரணத் திரையால் காட்ட முடியாது. திரைக்குள் அடங்கும்படி அதைச் சுருக்க வேண்டும். அதற்குப் பெயர் டோன் மேப்பிங். படங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

ஃபோன்லயே எச்.டி.ஆர். இருக்கே, அப்புறம் எதுக்குக் கேமரா?

குடும்பப் படம், பயணப் படம் என்றால் ஃபோனே போதும். 2010-லேயே ஐஃபோனில் எச்.டி.ஆர். வந்துவிட்டது. கூகுளின் எச்.டி.ஆர். பிளஸ் வேறு வழியைப் பிடித்தது. கொஞ்சம் இருட்டாகவே, ஒரே எக்ஸ்போஷரில் பல படங்களைச் சடசடவென்று எடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சராசரி எடுக்கும். இரைச்சல் குறைந்துவிடுவதால் நிழலைத் தூக்க, அதாவது இருட்டான பகுதியை வெளிச்சமாக்க, இடம் கிடைக்கிறது. ஆட்கள் அசைந்தாலும் பெரிதாகக் கெடாது. நல்ல யோசனைதான்.

சிக்கல் என்னவென்றால், எவ்வளவு தூக்குவது என்று ஃபோன் தானாகவே முடிவு செய்துவிடுகிறது. பெரும்பாலான ஃபோன்கள் எல்லா நிழலையும் தூக்கிவிடுகின்றன. அந்த முடிவு உங்கள் கையில் இருக்க வேண்டுமானால் ப்ரோ மோடில் ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக) எடுங்கள், அல்லது கேமராவுக்கு வாருங்கள். பயிற்சிக்குக் கோயில் பிரகாரத்தை நினைத்திருந்தால் ஒரு விஷயம்: தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. பழைய வீடுகளும், மதுரை திருமலை நாயக்கர் மகால் போன்ற இடங்களும் இந்தப் பயிற்சிக்கு அருமையானவை. மகாலில் திறந்த முற்றமும் தூண்களுக்குப் பின்னால் உள்ள நிழலும் ஒரே சட்டகத்தில் கிடைக்கும்.

டிவில போடுற எச்.டி.ஆர்.உம் இதுவும் ஒண்ணா?

இல்லை. அது திரையைப் பற்றியது: சாதாரணத் திரையைவிடக் கூடுதல் பிரகாசத்தைக் காட்டக்கூடிய திரை, அதற்கேற்ற காணொளி. நாம் பேசுவது பெரிய வெளிச்ச வேறுபாட்டைச் சாதாரணத் திரைக்குள் அடக்குவது. இரண்டும் இப்போது நெருங்கி வருகின்றன. 2023-ல் ஆண்ட்ராய்டு 14-உடன் வந்த அல்ட்ரா எச்.டி.ஆர். வகைப் படங்கள், அதற்கேற்ற திரையில் நிஜமாகவே கூடுதல் பிரகாசத்தோடு தெரியும். ஆனாலும் உங்கள் படத்தைப் பலர் சாதாரணத் திரையிலும் அச்சிலும்தான் பார்ப்பார்கள்.

எல்லாப் படத்துக்கும் எச்.டி.ஆர். பண்ணலாமா?

வேண்டாம். முதலில் ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம் அது. இரண்டு ஓரத்திலும் முட்டாமல் உள்ளே அடங்கியிருந்தால் ஒரே ரா கோப்பு போதும். மேகமூட்டமான நாள், காலைப் பனி, வெயில் ஏறாத தெரு எல்லாம் இப்படித்தான்.

சில காட்சிகளுக்கு இருட்டே அழகு. வெளிச்சத்துக்கு எதிரே கறுப்பாக நிற்கும் தேக்குத் தூண்களின் வரிசையை எச்.டி.ஆர். செய்து மரத்தின் ரேகையெல்லாம் காட்டினால், எதற்காக அந்தப் படத்தை எடுத்தோமோ அதுவே போய்விடும்.

எத்தனை படம் எடுக்கணும்? 3 போதுமா, 9 வேணுமா?

எண்ணிக்கையைவிட, இரண்டு முனையையும் எட்டிவிட்டோமா என்பதுதான் முக்கியம். மிக இருட்டான படத்தில் ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டக்கூடாது. மிக வெளிச்சமான படத்தில், உங்களுக்குத் தேவையான நிழல்கள் இடது ஓரத்தை விட்டு நன்றாக விலகியிருக்க வேண்டும். நடுவில் 2 ஸ்டாப் இடைவெளியில் எடுத்தால் போதும். ரா கோப்பில் அதற்கிடையில் எதுவும் விட்டுப்போகாது.

ஒரு வளவை, அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியை, எடுத்துக்கொள்வோம். நண்பகல், ஐ.எஸ்.ஓ. 100, அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8. ஷட்டர் வேகம், அதாவது வெளிச்சம் உள்ளே வரும் நேரம், வெயில் விழும் சுவருக்கு 1/500 வினாடி. அடுத்து 1/125, 1/30, 1/8, கடைசியாக உள்ளறைக்கு 1/2 வினாடி. மொத்தம் ஐந்து படம், 8 ஸ்டாப். இதையே 1 ஸ்டாப் இடைவெளியில் எடுத்தால் ஒன்பது படம் ஆகும். எட்டும் தூரம் அதே 8 ஸ்டாப்தான், கோப்புகள்தான் அதிகம். கதவருகே நின்று வெளியே பார்க்கும் சாதாரணக் காட்சிகளுக்கு 2 ஸ்டாப் இடைவெளியில் மூன்றே போதும்.

1/2 வினாடியில்கூட அந்த உள்ளறை நல்ல வெளிச்சமாக வராது, சற்று மங்கலாகத்தான் வரும். அது இருட்டான அறை, அப்படித்தான் வர வேண்டும். இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கேமராவில என்ன செட்டிங்?

மேனுவல் மோட், ரா கோப்பு, குறைந்த ஐ.எஸ்.ஓ. வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாமல் ஏதாவது ஒன்றில் நிறுத்துங்கள். ஃபோகஸ் பிடித்ததும் மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். வெவ்வேறு எக்ஸ்போஷரில் கேமராவே வரிசையாக எடுக்கும் பிராக்கெட்டிங்கை அமைத்து, 2 வினாடி டைமர் போட்டால் கை அதிர்வும் வராது. ட்ரைபாடில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை நிறுத்திவிடுவது நல்லது.

மாற வேண்டியது ஷட்டர் வேகம் மட்டுமே. அபர்ச்சரை மாற்றினால் எவ்வளவு ஆழம் தெளிவாகத் தெரிகிறது என்பது படத்துக்குப் படம் மாறும், சேர்க்கும்போது ஓரங்கள் ஒட்டாது. ஐ.எஸ்.ஓ.வை மாற்றினால் வெளிச்சமான படத்தில் இரைச்சல் ஏறும். நிழலைச் சுத்தமாக எடுப்பதே அந்தப் படத்தின் வேலை என்பதால் அது வீணாகிவிடும்.

ட்ரைபாட் இல்லாம கையிலேயே எடுக்க முடியாதா?

முடியும். மாமல்லபுரம் போல இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடங்களில் ட்ரைபாடுக்குத் தனி அனுமதி வேண்டும் என்பதால் பல நேரம் அதுதான் வழி. தூணிலோ சுவரிலோ தோளைச் சாய்த்து, தொடர் ஷாட்டில் மூன்று படத்தை ஒரே மூச்சில் எடுங்கள். மிக மெதுவான ஷட்டர் 1/30-க்குக் கீழே போகாதபடி ஐ.எஸ்.ஓ.வை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளுங்கள். சின்ன விலகலை மென்பொருள் பொருத்திவிடும், ஓரங்களில் கொஞ்சம் வெட்டுப்படும். அதனால் சட்டகத்தைச் சற்று அகலமாகவே வையுங்கள்.

ஒரே ரா படத்தை மூணு வெளிச்சத்துல சேவ் பண்ணி இணைச்சா எச்.டி.ஆர். ஆயிடுமா?

ஆகாது. ஒரு ரா கோப்பில் என்ன இருக்கிறதோ அதுதான் மூன்று பிரதியிலும் இருக்கும். வெளுத்துப்போன வானம் எந்தப் பிரதியிலும் திரும்பி வராது. அந்த ஒரு கோப்பிலேயே நிழலையும் ஹைலைட்டையும் (மிக வெளிச்சமான பகுதியையும்) சரிசெய்வதுதான் நேர்வழி. 14 பிட் ரா கோப்பில் ஒரு நிறத்துக்கு 16,384 வெளிச்சப் படிகள் உண்டு, சாதாரணப் படக் கோப்பான ஜேபெக்கில் 256 மட்டுமே. இன்றைய கேமராக்களில் ஐ.எஸ்.ஓ. 100-ல், ஹைலைட் வெளுக்காமல் எடுத்த ரா கோப்பில் நிழலை 2, 3 ஸ்டாப் தூக்கினாலும் நன்றாகவே இருக்கும். பலர் எச்.டி.ஆர். தேவை என்று நினைக்கும் காட்சிகள் இதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

எந்த சாஃப்ட்வேர் நல்லது? இலவசமா ஏதாவது இருக்கா?

லைட்ரூமில் 2015 முதல் எச்.டி.ஆர். இணைப்பு இருக்கிறது. அது தருவதும் ரா போலவே திருத்தக்கூடிய கோப்புதான் என்பதால் அளவோடு வேலை செய்ய வசதி. ஃபோட்டோமேட்டிக்ஸ் இந்தத் துறையில் பழைய கை. அதில் கிடைக்கும் தயார் அமைப்புகளில் சில மிகக் கடுமையானவை, பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இலவசம் என்றால் டார்க்டேபிள், லூமினன்ஸ் எச்.டி.ஆர்., ஹியூஜின் தொகுப்போடு வரும் என்ஃபியூஸ்.

இயல்பான தோற்றம் வேண்டுமானால் என்ஃபியூஸை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். 2007-ல் மெர்ட்டன்ஸ், காட்ஸ், வான் ரீத் மூவரும் வெளியிட்ட எக்ஸ்போஷர் ஃபியூஷன் முறையில் அது இயங்குகிறது. பெரிய எச்.டி.ஆர். கோப்பு எதையும் உருவாக்காமல், ஒவ்வொரு இடத்திலும் எந்தப் படம் நன்றாகப் பதிந்திருக்கிறதோ அதற்கு அதிக எடை கொடுத்து நேரடியாகக் கலக்கும். டோன் மேப்பிங் என்ற கட்டமே இல்லாததால் கெட்டுப்போகிற வாய்ப்பும் குறைவு.

என் படம் கார்ட்டூன் மாதிரி இருக்கு. எங்க தப்பாச்சு?

கிட்டத்தட்ட எப்போதும் ஒரே இடத்தில்தான்: வெளிச்சத்தின் வரிசை குலைந்திருக்கும். நேரில் முற்றம்தான் முதல் வெளிச்சம். அடுத்தது தாழ்வாரம், அதற்கடுத்து பட்டாலை (தாழ்வாரத்தை ஒட்டிய கூடம்), கடைசியில் உள்ளறை. இடைவெளியைச் சுருக்கலாம். 15 ஸ்டாப்பை 7 ஆக்கலாம். ஆனால் இந்த வரிசை அப்படியே நிற்க வேண்டும். உள்ளறை பட்டாலை அளவுக்கு வெளிச்சமாகிவிட்டால், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணுக்குப் புரியாது. என்ன தப்பு என்று சொல்லத் தெரியாதவர்கூட "ஏதோ பெயின்டிங் மாதிரி இருக்கு" என்பார்.

இதைக் கண்டுபிடிக்க நான் தரையைத்தான் முதலில் பார்ப்பேன். வழவழவென்ற ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் முற்றத்தின் வெளிச்சம் மின்னிக்கொண்டு பிரதிபலிக்கும். பிரதிபலிப்பு எப்போதும் அசலைவிட மங்கலாகத்தான் இருக்க முடியும். நிழல் ஸ்லைடரை அதிகம் தள்ளினால் தரையில் தெரியும் வானம் நிஜ வானத்தைவிடப் பளிச்சென்று ஆகிவிடும். அங்கேயே படம் பொய்யாகிவிட்டது. குளம், ஈரமான தெரு, முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய பளபளப்பான சுவர் எதிலும் இதே சோதனை பொருந்தும்.

இரண்டாவது, கிளாரிட்டி, டெக்ஸ்சர் ஸ்லைடர்கள். இவை சின்னச் சின்ன வேறுபாட்டைப் பெரிதாக்கும். சுண்ணாம்புச் சுவர் அழுக்குப் பிடித்தது போலவும், நடுப்பகல் வெண்மேகம் புயல் மேகம் போலவும் ஆவது இதனால்தான். மூன்றாவது நிறம். நிழலைத் தூக்கும்போது அதனுள்ளே ஒளிந்திருந்த நிறமும் கூடவே ஏறிவிடும். அதனால் எச்.டி.ஆர். படத்தில் சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) கூட்டுவதைவிடக் கொஞ்சம் குறைக்க வேண்டிய நேரங்களே அதிகம்.

கோபுரத்தைச் சுத்தி வெள்ளையா ஒரு ஒளிவட்டம் வருதே, அது ஏன்?

அதைத்தான் ஹேலோ என்கிறோம். டோன் மேப்பிங் ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு ஏற்றும், இறக்கும். வானத்தை இறக்கி, கோபுரத்தை ஏற்று என்று சொல்கிறீர்கள். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள வானத்தின் அக்கம்பக்கத்தில் கோபுரமும் இருப்பதால் அந்த வானமும் சேர்ந்து ஏறிவிடுகிறது. தூரத்து வானம் இறங்கி, கிட்டத்து வானம் ஏறி, நடுவில் ஒளிவட்டம்.

ஸ்லைடரின் பலத்தைக் குறைப்பதுதான் முதல் மருந்து. போதவில்லை என்றால் ஃபோட்டோஷாப்பிலோ கிம்பிலோ இருட்டான படத்தையும் வெளிச்சமான படத்தையும் இரண்டு அடுக்காக வைத்து, மாஸ்க் போட்டு (மேலடுக்கின் வேண்டாத பகுதியை மறைத்து) வானத்தை மட்டும் மாற்றுங்கள். நேரம் பிடிக்கும். ஆனால் கட்டட விளிம்புகளுக்கு இதைவிடச் சுத்தமான வழி இல்லை.

நிழலை எவ்வளவு தூக்கலாம்? ஒரு நம்பர் சொல்லுங்க.

எண் சொன்னால் அடுத்த படத்துக்குப் பொருந்தாது. படத்தில் எங்காவது ஓரிடத்தில் உண்மையான கறுப்பு இருக்க வேண்டும்: உத்தரத்துக்கு மேல், பீரோவுக்கு அடியில், கதவிடுக்கில். அந்தக் கறுப்பு சாம்பலாக மாறும் புள்ளி வரைக்கும்தான் தூக்கலாம், அதற்குச் சற்று முன்பே நின்றுவிடுங்கள். அதே போல நேரடி வெயில் படும் இடத்தில் கொஞ்சம் வெள்ளை வெள்ளையாகவே இருக்கட்டும். வெயில் விழும் சுவரைச் சாம்பல் நிறமாக்கினால் அங்கே வெயில் இருப்பதே தெரியாது.

கொடியில ஆடுற துணி, நடந்துபோற ஆள் எல்லாம் ரெட்டையா வருது. என்ன பண்றது?

படத்துக்குப் படம் அவை இடம் மாறிவிட்டன. லைட்ரூமில் இணைக்கும்போது டீகோஸ்ட் என்று ஒரு வசதி இருக்கிறது. முதலில் குறைந்த அளவில் வையுங்கள். அதிகம் வைத்தால் அசையாத இடங்களிலும் ஒரே படத்தை எடுத்துப் போட்டு இரைச்சலைக் கூட்டிவிடும். ஆள் குறுக்கே நடந்தால், மேலே ஹேலோவுக்குச் சொன்ன மாஸ்க் முறையில் ஏதாவது ஒரு படத்தில் உள்ள ஆளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். காற்றில் தென்னை ஓலை ஆடிக்கொண்டே இருந்தால், ஓலை தெரியும் பகுதி முழுவதையும் வேகமான ஷட்டரில் எடுத்த ஒரே படத்திலிருந்து எடுங்கள்.

வெளிய நீலமா, உள்ள மஞ்சளா இருக்கு. எதைச் சரின்னு வைக்கிறது?

திறந்த வானத்திலிருந்து நிழலுக்குள் வரும் வெளிச்சம் நீலச் சாயல் கொண்டது, உள்ளே எரியும் பழைய குண்டு பல்பு மஞ்சள். ஒரே எக்ஸ்போஷரில் ஏதாவது ஒன்று இருட்டில் போய்விடுவதால் இது பெரிதாகத் தெரியாது. எச்.டி.ஆர். இரண்டையும் வெளியே கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்திவிடுகிறது.

பகலில் எடுத்தால் விளக்குகளை அணைத்துவிடுவதே சிறந்தது. பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். விளக்கு தேவை என்றால் வெள்ளைச் சமநிலையை இரண்டுக்கும் நடுவில் வைத்து, நீல நிறத்தின் அடர்த்தியை மட்டும் கொஞ்சம் குறையுங்கள். மஞ்சளை முழுக்கத் துடைக்காதீர்கள். விளக்கெரியும் வீட்டில் மக்கள் அதை எதிர்பார்க்கிறார்கள்.

கல்யாணப் படத்துக்கு, ஆட்களுக்கு எச்.டி.ஆர். வேலைக்காகுமா?

முகத்துக்கு வேண்டவே வேண்டாம். தோலின் மெல்லிய நிழல்கள் பெரிதாகி, இருபது வயதுக்காரருக்கும் சுருக்கம் விழுந்தது போலாகிவிடும். மாநிறமும் கறுப்பும் சாம்பல் பூத்துப்போகும். நம் ஊர் முகங்களுக்கு இது பெரிய அநியாயம். மணமக்கள் முற்றத்துக்கு முன்னால் நிற்கிறார்கள் என்றால் ஃப்ளாஷோ ரிஃப்ளெக்டரோ வைத்து அவர்கள் பக்கம் வெளிச்சத்தைக் கூட்டுங்கள். பின்னணிக்கும் முகத்துக்கும் உள்ள இடைவெளி குறைந்து ஒரே ஷாட்டில் அடங்கிவிடும்.

இப்படிச் சேர்க்கிறது ஏமாத்து வேலை இல்லையா?

1850-களிலேயே பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து ஒரே அச்சாகச் சேர்த்தார். ஒன்றுக்கு எக்ஸ்போஷர் வைத்தால் மற்றது கெட்டது என்பதுதான் அவருக்கும் சிக்கல். ஆன்சல் ஆடம்ஸ் இருட்டறையில் அச்சின் சில பகுதிகளுக்குக் கூடவும் சில பகுதிகளுக்குக் குறையவும் வெளிச்சம் காட்டியே தன் படங்களை முடித்தார். நம் கண்ணும் ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. முற்றத்தைப் பார்க்கும்போது கண் பாப்பா சுருங்கும், அறையைப் பார்க்கும்போது விரியும், மூளை சேர்த்துக்கொள்ளும். அங்கே நின்றவர் பார்த்ததை நெருங்க உதவும் வரை இது நேர்மையான வேலைதான்.

செய்திப் படம், போட்டிப் படம் என்றால் கதை வேறு. பல படங்களைச் சேர்க்கலாமா என்று அந்தந்த இடத்தின் விதிமுறையைப் படித்துவிட்டே அனுப்புங்கள்.

அளவு மீறிட்டேனான்னு நானே எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஒரே படத்தை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் கண் எதற்கும் பழகிவிடும். நேற்று மிதமாகத் தெரிந்தது இன்று காலையில் கடுமையாகத் தெரியும். அதனால் ஒரு இரவு விட்டுவிட்டுப் பார்ப்பது உத்தமம். அவசரம் என்றால் படத்தைத் தபால்தலை அளவுக்குச் சிறிதாக்குங்கள். அப்போதும் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்ததும் தெரிகிறதா? கறுப்பு வெள்ளையாக மாற்றியும் ஒருமுறை பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் மேலே சொன்ன வரிசை குலைந்திருக்கிறது. திரையின் பிரகாசத்தைக் குறைத்து வைத்து வேலை செய்தால் தேவைக்கு மேல் தூக்கிவிடுவோம், அதையும் கவனியுங்கள்.

இன்னொரு வழி, முடித்த படத்தை நடு எக்ஸ்போஷர் படத்துக்கு மேல் அடுக்காக வைத்து, அதன் ஒபாசிட்டியை (மேலடுக்கு எவ்வளவு தெரிகிறது என்ற சதவீதத்தை) 100-லிருந்து மெல்ல இறக்கிக்கொண்டே வாருங்கள். 60, 70 பக்கம் எங்காவது படம் மூச்சு விட ஆரம்பிக்கும். பெரும்பாலும் அங்கேயே நிறுத்தலாம்.

ஏற்கெனவே ஓவராப் பண்ணி வெச்ச பழைய படங்களைக் காப்பாத்த முடியுமா?

மூலப் படங்கள் இருந்தால் தாராளமாக. முடித்த கோப்பைத் திருத்திக்கொண்டிருக்காமல் மூலங்களை எடுத்துப் புதிதாக இணையுங்கள், அதுவே சீக்கிரம் முடியும். முடித்த ஜேபெக்கும் மூலத்தில் ஏதாவது ஒன்றும் மட்டும் மிஞ்சியிருந்தால் மேலே சொன்ன ஒபாசிட்டி வழியில் இரண்டையும் கலந்து ஓரளவு மீட்கலாம். ஜேபெக் மட்டும்தான் என்றால் சாச்சுரேஷனையும் கிளாரிட்டியையும் குறைத்து, கறுப்பைக் கொஞ்சம் ஆழமாக்கலாம், ஆனால் ஹேலோ போகாது. அதனால் இணைத்து முடித்த பிறகும் ரா கோப்புகளை அழிக்காதீர்கள். இடம் போதவில்லை என்றால் மிக இருட்டான படம், நடுப்படம், மிக வெளிச்சமான படம் மூன்றையாவது வைத்துக்கொள்ளுங்கள்.